இருவருக்கும் சேர்த்து ஒரு பதில்

"தோன் எவரிஸ்தோ குடும்பம்?" என்று வழிகாட்டிப் பெண் ஒலிவாங்கியில் கேட்டாள்.

"இருக்கோம்," என்றாள் ஒப்துலியா.

பேருந்தின் ஒன்பதாம் வரிசையில் சன்னலோரமாக அவள் ஒருத்திதான் இருந்தாள். பக்கத்து இருக்கையில் அவளுடைய சால்வையும் கைப்பையும் கிடந்தன. அவள் கணவர் எவரிஸ்தோ அந்நேரம் செகோவியாத் தேவாலயத்தின் உட்பிரகாரத்தில், ஒரு குழந்தையின் கல்லறைக்கு முன்னால் நின்று, கோவில் காப்பாளரோடு வாதாடிக்கொண்டிருந்தார். அது அவளுக்குத் தெரியும். தெரிந்தும் அந்தச் சொல் வாயிலிருந்து வந்துவிட்டது. வந்தபின் அவள் அதைத் திரும்ப எடுக்கவில்லை.

ஊரின் முதியோர் மன்றத்தில் மரியாதைக்குத் 'தோன்' சேர்த்து ஆணின் பெயரைக் கூப்பிட்டால் குடும்பத்துக்காக மனைவியே பதில் சொல்வது வழக்கம். மாதாந்திர விருந்தானாலும், திருத்தலப் பயணமானாலும், சீட்டாட்டப் போட்டியானாலும், ஆண்கள் பள்ளிப்பிள்ளைகளைப் போலக் கை தூக்குவதில்லை. ஏதோ பார்த்தபடி அமர்ந்திருப்பார்கள். நாற்பத்தாறு ஆண்டுகளாக ஒப்துலியா இருவருக்கும் சேர்த்து "இருக்கோம்" என்று சொல்லி வந்திருக்கிறாள். மன்றத்தின் இன்றைய சுற்றுலாவிலும் அதையேதான் சொன்னாள்.

அவளை வியக்கவைத்தது வேறு. நெரேயா என்ற அந்த வழிகாட்டிப் பெண் அதற்கு முன்பே நடைவழியில் ஒருமுறை நடந்து, ஒவ்வொரு தலையாக விரல் நீட்டி எண்ணியிருந்தாள். கணக்கு நாற்பத்துநான்கு என்று சரியாக வந்திருந்தது. எப்படி வந்தது என்று ஒப்துலியாவுக்குப் புரியவில்லை. கதவு மூடியது. பேருந்து பழங்காலக் கல் நீர்ப்பாலத்தின் நிழலைக் கடந்து மலையடிவாரச் சாலையில் ஏறியது.

காலையில் எவரிஸ்தோ நெரேயாவை ஒரு வாக்கியம் முழுதாகப் பேசவிடவில்லை. தேவாலயம் கட்டத் தொடங்கிய ஆண்டை அவள் சொல்லி முடிக்குமுன் அவர் சொன்னார். கம்பமாக எழுந்து உச்சியில் விசிறிபோல் விரியும் கல் நரம்புகளை அவள் காட்டியபோது, அவற்றின் உயரத்தை மீட்டர் கணக்கில் சொல்லும்படி கேட்டார். முப்பத்தெட்டு ஆண்டுகள் ரயில்வேயில் போக்குவரத்து ஆய்வாளராக இருந்தவர். யார் எதைச் சொன்னாலும் அதற்கு ஆவணம் வேண்டும். மாதம் மூன்றுகூட ஆகாத வேலை என்பதால், நெரேயா ஒவ்வொரு முறையும் "ரொம்ப நன்றி, தோன் எவரிஸ்தோ," என்று சிரித்துக்கொண்டே சொன்னாள். ஏழாவது நன்றியில் சிரிப்பு நின்றுபோயிற்று. இதற்கிடையே ஒப்துலியாவின் முழங்கை அவர் பிடியில் இருந்தது. வண்ணக் கண்ணாடி ஒன்றின் கீழே தரையில் நீலமும் சிவப்புமாக வெளிச்சம் சிந்திக் கிடந்ததை அவள் நின்று பார்க்க விரும்பினாள். பிடி அவளை அடுத்த தூணுக்கு இழுத்துச் சென்றது.

பிறகுதான் அந்தக் கல்லறை வந்தது. கோட்டைச் சன்னலில் செவிலித்தாயின் கையிலிருந்து நழுவி விழுந்து இறந்த அரசகுமாரன் அதில் இருக்கிறான் என்றாள் நெரேயா. செவிலித்தாயும் பின்னாலேயே குதித்துவிட்டதாகச் சொல்வார்கள் என்றும் சேர்த்துக்கொண்டாள்.

"குதிச்சாளா? எங்க எழுதியிருக்கு?" என்றார் எவரிஸ்தோ.

"அப்படிச் சொல்றாங்க, ஐயா."

"சொல்றாங்களாம்! குழந்தையைக் கோட்டை விட்டவ பயந்து ஓடித்தான் போயிருப்பா. எந்த வேலைக்காரி குதிப்பா?"

கூட்டம் நகர்ந்தபோது அவர் காப்பாளரைத் தேடிப் பிடித்தார். "நீ போ, நான் வரேன்," என்று ஒப்துலியாவின் முழங்கையை விட்டார். அவள் போனாள். சரிவான கடைத்தெருவில் தனியாக இறங்கியபோது, கைவீசி நடப்பதற்கு எவ்வளவு இடம் இருக்கிறது என்று தோன்றியது. அவருடைய பணப்பை, கைப்பேசி, அடையாள அட்டை, இரத்த அழுத்த மாத்திரை எல்லாம் அவளுடைய கைப்பையில்தான் இருந்தன. சட்டைப்பை கனப்பது அவருக்குப் பிடிக்காது.

மலையடிவாரத்து லா கிராங்கா ஊரின் அரண்மனையில் நெரேயா வேறு பெண்ணாகிவிட்டாள். குறுக்கிட ஆளில்லாததால் வாக்கியங்கள் முழுமை பெற்றன. நடுவில் ஒரு நகைச்சுவைகூடச் சொன்னாள். ஏன் இப்படி இலகுவாக இருக்கிறது என்று அவள் யோசித்ததாகத் தெரியவில்லை. தங்கள் மாவட்டத்துப் பண்ணையார் வீடுகளை மட்டுமே பார்த்திருந்த கிழவிகள் பளிங்கிலும் பட்டிலும் குறை கண்டுபிடித்து மகிழ்ந்தார்கள்.

"உன் வாத்தியாரைக் காணோமே?" என்று பெனிதா காதோரமாகக் கேட்டாள். பெனிதா ஒரே தெருக்காரி, சிறுவயதுத் தோழி.

"முன்னால போயிருப்பான். அரண்மனைக்காரங்களுக்குப் பாடம் எடுக்கணுமே."

"பாவம், ராஜா தப்பிச்சான். செத்துப் போயிட்டான்," என்று சொல்லிப் பெனிதா வாய்பொத்திச் சிரித்தாள்.

இரண்டாவது பொய் முதலாவதைவிட எளிதாக வந்தது. ஒப்துலியா கண்ணாடிச் சரவிளக்குக்குக் கீழே வந்து நின்றாள். ஆயிரக்கணக்கான கண்ணாடித் துளிகள் அசையாமல் தொங்கின. அவளுக்கு ஒரு சந்தேகம் எழுந்தது. பயணங்களில் அவள் யாரையும் எதுவும் கேட்டதில்லை. கேட்குமுன் எவரிஸ்தோ பதில் சொல்லிவிடுவார்.

"இதை எப்படிம்மா தொடைப்பாங்க?" என்று நெரேயாவிடம் கேட்டாள்.

"கீழ இறக்கி, ஒவ்வொண்ணா கழட்டிக் கழுவி, மறுபடி மாட்டுவாங்க, தோன்யா ஒப்துலியா. எது எந்தக் கொக்கியில இருந்ததுன்னு குறிச்சு வச்சுக்குவாங்களாம்." பெண்ணின் முகம் மலர்ந்தது. "இதை இதுவரைக்கும் ஒருத்தரும் கேட்டதில்லை. நானே போன வாரம்தான் கேட்டுத் தெரிஞ்சுக்கிட்டேன்."

அந்த நேரத்தில் ஒப்துலியாவின் கைப்பைக்குள்ளிருந்து ரயில் ஊதல் ஒன்று உரக்கக் கேட்டது. எவரிஸ்தோவின் கைப்பேசி. மணி இரண்டு, மாத்திரை நேரம். மூலையில் நின்ற காவலர் முறைத்தார். அவள் தட்டுத்தடுமாறி அதை எடுத்து ஊதலை நிறுத்தினாள். திரையில் அவர் கைப்பட அமைத்த நினைவூட்டல் மின்னியது: 'உணவோடு, தண்ணீரோடு.' அங்கே வெயில் ஏறியிருக்கும். அவர் கையில் ஒரு காசு கிடையாது. இப்போதாவது சொல்லியாக வேண்டும் என்று அவளுக்குத் தெரிந்தது. அடுத்த அறையில் திரைச்சீலை ஓவியங்கள் என்று நெரேயா அழைத்தாள். ஒப்துலியா அடுத்த அறைக்குப் போனாள்.

உணவகத்தில்தான் எல்லாம் உடைந்தது. வெள்ளைப் பெரும்பயறும் பன்றியிறைச்சியும் கொதித்த மண்சட்டிகள் வந்தன. அடுத்த பரிமாறலுக்கு வறுத்த மீனா, பன்றிக்குட்டியா என்று முன்பதிவுப் பட்டியலைப் பார்த்து நெரேயா ஒவ்வொருவராகக் கேட்டு வந்தாள். மேசையின் கடைசியில், கழுத்தில் துண்டு செருகி, கிழவர் ஒருவர் ஆவலோடு உட்கார்ந்திருந்தார்.

"உங்க பேரு, ஐயா?"

"ஆங்?"

"பேரு! பேரு!"

"வென்செஸ்லாவோ. எனக்குப் பன்றிக்குட்டிதான் சொல்லியிருக்கேன், மாத்திடாதே."

பட்டியலில் அப்படி ஒரு பெயர் இல்லை. அவர் ஆற்றங்கரை ஊர் ஒன்றிலிருந்து வந்த வேறொரு முதியோர் குழுவைச் சேர்ந்தவர். நீர்ப்பாலத்தருகே பக்கத்தில் பக்கத்தில் நின்ற இரண்டு வெள்ளைப் பேருந்துகளில் தவறானதில் ஏறி, முதல் வரிசையில் அமர்ந்து, உடனே தூங்கிப்போயிருந்தார். அரண்மனையில் பக்கத்து முகங்கள் புதியவையாக இருந்ததை அவர் பெரிதுபடுத்தவில்லை. காது மந்தமானபின் எல்லா முகங்களும் சற்றுப் புதியவைதாம் என்று பிறகு சொன்னார்.

நெரேயாவின் உதடுகள் எண்ணிக்கை சொல்லி அசைந்தன. "இவரோட நாற்பத்துநாலுன்னா..." அவள் பட்டியலைக் கீழே வைத்தாள். "நம்மள்ல யாரு இல்ல?"

எல்லாரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். ஒப்துலியா கரண்டியை வைத்துவிட்டு, "என் வீட்டுக்காரர்," என்றாள்.

அதன்பின் எல்லாரும் ஒரே நேரத்தில் பேசினார்கள். மன்றத் தலைவர் தோன் எலியோதோரோ எழுந்து நின்று, ஐயோ பாவம் அந்த அம்மா, அவருடைய மாத்திரை என்ன ஆயிற்று, எண்ணவும் தெரியாத பெண்ணை அனுப்பியிருக்கிறார்களே என்று முழங்கினார். நெரேயா ஒப்துலியாவை ஒருமுறை பார்த்தாள். நான் பெயர் சொல்லிக் கேட்டேனே என்று அவள் சொல்லக் காத்திருந்தாள் ஒப்துலியா. அந்தப் பெண் சொல்லவில்லை. கைப்பேசியை எடுத்துக்கொண்டு வெளியே ஓடினாள். வென்செஸ்லாவோவைக் கூட்டிப்போக அவருடைய வழிகாட்டி பிறகு வந்தபோது, பன்றிக்குட்டி வரும்வரை எழ மாட்டேன் என்று அவர் மேசையைப் பிடித்துக்கொண்டார்.

பத்து நிமிடத்தில் நெரேயா திரும்பினாள். "போலீஸ்காரங்க பார்த்துட்டாங்க. நல்லாத்தான் இருக்காரு. பஸ் நின்ன இடத்துலேயே நிக்கிறாரு." குரலைத் தாழ்த்தினாள். "டாக்சி அனுப்புறேன்னேன். மாட்டேங்கிறாரு. வண்டி இங்கிருந்துதான் கிளம்பிச்சு, இங்கதான் திரும்பி வரணும், பயணி இடத்தை விட்டு நகரக் கூடாதுன்னு சொல்றாராம். அவங்க குடுத்த தண்ணியையும் வாங்கலையாம்."

"அவன்தான்," என்றாள் பெனிதா.

ஆகவே தோட்டத்து நீரூற்றுகளைப் பார்க்காமலே பேருந்து திரும்பியது. அந்த ஏமாற்றத்தையும் சேர்த்து எலியோதோரோ பெண்ணிடம் புகார்த் தாளைக் கேட்டார். கேட்டவருக்குக் கொடுத்தாக வேண்டும் என்பது சட்டம். நெரேயா தன்னுடைய கோப்பிலிருந்து தன்னைப் பற்றிய புகாருக்கான தாளைத் தானே உருவி, எழுதப் பேனாவையும் நீட்டினாள். அவர் பெரிய எழுத்துகளில் நிரப்பினார்: கவனக்குறைவு, தவறான எண்ணிக்கை, நோயாளி கைவிடப்பட்டார். பிறகு அதை ஒப்துலியாவிடம் கொண்டுவந்தார்.

"பாதிக்கப்பட்டவங்க கையெழுத்துதான் முக்கியம், தோன்யா ஒப்துலியா. இதைப் போட்டா அந்தப் பொண்ணு இனிமே எந்தக் கூட்டத்தையும் கூட்டிட்டுப் போக முடியாது."

ஒப்துலியா தாளையும் பேனாவையும் மடியில் வைத்துக்கொண்டாள். அவள் ஒரு வரி எழுதினால் போதும். அவள் சொன்ன ஒரு சொல் ஒருவருக்கும் தெரியாமலே போய்விடும். முன் வரிசையில் நெரேயாவின் கொண்டை அசையாமல் இருந்தது. அழுகிறாளா என்று தெரியவில்லை. "அவரே போடட்டும். அவரு கையெழுத்து அழகா இருக்கும்," என்று ஒப்துலியா மெதுவாகச் சொன்னாள்.

எவரிஸ்தோ நின்றுகொண்டிருந்தார். சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது, நெற்றி சிவந்திருந்தது. மற்றபடி காலையில் இருந்ததைப் போலவே, ஒரு கையைப் பின்னால் கட்டி, நடைமேடையில் வண்டியை எதிர்பார்ப்பவராக நேராக நின்றார். ஏறியதும் ஒன்பதாம் வரிசைக்கு வந்தார். ஒப்துலியா மாத்திரையை எடுக்கப் போனாள். அவர் அவள் மடியிலிருந்த தாளையும் பேனாவையும் எடுத்து, தாளைக் கடைசிவரை படித்தார்.

"பன்னிரண்டு இருபதுன்னு போட்டிருக்கு. கிளம்பினது பன்னிரண்டு பதினெட்டு. அங்க நின்ன டிரைவருங்களைக் கேட்டேன்," என்றார். தொண்டை வறண்டிருந்ததால் குரல் பிசிறியது. பிறகு நடைவழியில் நின்றபடியே, பழைய விபத்து விசாரணைகளில் கேட்பதைப் போல, வரிசையாகக் கேட்டார். "தலை எண்ணினியா, பொண்ணே?"

நெரேயா எழுந்து நின்றாள். "எண்ணினேன், ஐயா."

"எத்தனை?"

"நாற்பத்துநாலு. வேற ஒருத்தர் தப்பா ஏறியிருந்தாரு."

"எண்ணினா மட்டும் போதாது. பேரு கூப்பிட்டியா?"

"கூப்பிட்டேன்."

"என் பேரையும்?"

நெரேயா தரையைப் பார்த்தாள். ஒப்துலியா பக்கம் அவள் கண் திரும்பவே இல்லை.

"கேக்கிறேன்ல? ஒன்பதாம் வரிசைக்கு யாரு பதில் சொன்னது?"

"நான்தான்," என்றாள் ஒப்துலியா. "இருக்கோம்னு சொன்னேன்."

பேருந்தில் ஒரு மிட்டாய்த் தாள் பிரியும் ஓசை கேட்டது, பாதியில் நின்றது.

"பழக்கத்துல சொல்லிட்டே," என்றார் எவரிஸ்தோ.

அவள் தப்பிக்க அவர் ஒரு கதவைத் திறந்து வைத்திருந்தார் என்பது அவளுக்குப் பிறகுதான் புரிந்தது. அப்போது அவள் தன் கைகளைப் பார்த்தாள்.

"இல்ல. நீ இல்லைன்னு தெரியும். தெரிஞ்சுதான் சொன்னேன்."

எவரிஸ்தோவின் வாய் லேசாகத் திறந்தது. திருத்துவதற்கு அதில் ஒன்றும் இல்லை. அவர் பேனாவை மூடி எலியோதோரோவிடம் கொடுத்தார். புகார்த் தாளை நான்காக மடித்துத் தன் சட்டைப்பையில் வைத்தார்.

"தோன் எவரிஸ்தோ, அதுல ஒரு நகல் மன்றத்துக்கு..." என்று தொடங்கினார் தலைவர்.

எவரிஸ்தோ காதில் வாங்கவில்லை. நடைவழியில் முன்னால் நடந்து, வென்செஸ்லாவோ தூங்கி வந்த முதல் வரிசையில், சன்னலோரம் அமர்ந்துகொண்டார். ஒப்துலியா மாத்திரையைக் காகிதக் கைக்குட்டையில் வைத்து, தண்ணீர்ப் புட்டியோடு நெரேயாவிடம் கொடுத்தாள். அவர் கேள்வி கேட்காமல் விழுங்கி, புட்டி முழுவதையும் குடித்தார். நெரேயா மறுபடியும் எண்ணினாள். இம்முறை ஒவ்வொருவர் தோளையும் தொட்டு எண்ணி வந்தாள். ஒன்பதாம் வரிசையில் அவள் கை ஒப்துலியாவின் தோளில் மற்றவர்கள் தோளைவிடச் சற்று அதிக நேரம் இருந்ததா என்பதை உறுதியாகச் சொல்ல முடியாது.

வண்டி வடக்கே சமவெளியில் இறங்கியது. இருபுறமும் அறுவடை முடிந்த கோதுமை வயல்கள் வெயிலில் வெளுத்துக் கிடந்தன. இவ்வளவு தொலைவிலிருந்து எவரிஸ்தோவின் தலையை அவள் பார்த்ததில்லை. பின்பக்கத்தில் முடி இவ்வளவு கொட்டியிருப்பது தெரியாது. நெடுநேரம் அந்தத் தலை சன்னலைப் பார்த்தபடி இருந்தது. தூரத்தில் ஒரு சரக்கு ரயில் வயல்களுக்கு நடுவே நீளமாகப் போனது. தலை சட்டெனத் திரும்பியது. பக்கத்து இருக்கையை நோக்கி, எதையோ சொல்லத் தொடங்கியதைப் போல் கன்னம் அசைந்தது. அங்கே ஒருவரும் இல்லை. ரயில் போய் முடியும்வரை முகம் அந்தக் காலி இருக்கையின் பக்கமாகவே இருந்தது.