வேற யாருக்காவது ஏதாவது?

வெள்ளிக்கிழமைக் கூட்டத்தை நடத்த எங்கள் சலவைக்கூடத்தில் ஒருவரும் முன்வரவில்லை. நான் கையைத் தூக்கினேன். பதவி ஆசை என்று பேசிக்கொண்டார்கள். பேசட்டும். கூட்டத்தை நடத்துபவருக்குத்தான் கேமராவுக்கு நேர் எதிரே நாற்காலி. திரையின் அந்தப் பக்கம், கம்பெனியின் புதுக் கிளையில், என் வீட்டுக்காரர் உட்கார்ந்திருப்பார்.

அவரை அங்கே மாற்றி ஒரு வருஷம் ஆகப்போகிறது. ரயிலில் ஒரு ராத்திரி தூரம். லீவு கேட்டாலே மேனேஜர் முகம் கடுகடுவென்று ஆகும். போன் இருக்கிறது, பட்டன் போன், முகம் தெரியாது. முகம் தெரியாமல் பேச எங்களுக்கு வராது. ஆஸ்பத்திரிப் படுக்கை விரிப்புகளைத் துவைக்கும் ராட்சத மெஷின்களுக்கு நடுவில் யார் பேசினாலும் காதில் விழாது. உதட்டைப் பார்த்தே பேசிப் பழகியவர்கள் நாங்கள். என்னைக் கட்டிக்கொள்கிறாயா என்று அவர் கேட்டதும் அப்படித்தான், துளிச் சத்தம் இல்லாமல்.

முதல் கூட்டத்தில் மானம் போனது. வாயைத் திறந்தேன், உதடு ஆடியது, குரல் வரவில்லை.

"மைக்க ஆன் பண்ணுங்கம்மா," என்றார் தலைமை அலுவலகத்திலிருந்து திரையில் வந்திருந்த மேனேஜர்.

மைக் ஆனில்தான் இருந்தது. எல்லாரும் சிரித்தார்கள். என் வீட்டுக்காரர் மட்டும் சிரிக்காமல் உதட்டை அசைத்தார்: 'மெதுவா. என்னப் பாத்துச் சொல்லு.'

அவரைப் பார்த்தே சொன்னேன். சோப்புத்தூள் பற்றாக்குறை, ஒழுகும் குழாய், கிழிந்த கையுறை. ஒரு வாக்கியம் சொல்வேன், நிமிர்ந்து அவர் முகத்தைப் பார்ப்பேன், அடுத்ததற்குத் தெம்பு வரும். போகப் போகக் குரல் நடுங்குவது நின்றது. கூட்டம் முடிந்தால் திரை அணைந்துவிடுமே! அதற்காகவே ஒவ்வொருவரிடமும் கருத்துக் கேட்டேன். பேசியதையெல்லாம் திரும்பத் தொகுத்துச் சொன்னேன். கடைசியில், "வேற யாருக்காவது ஏதாவது?" என்று கேட்டுவிட்டுப் பொறுமையாகக் காத்திருப்பேன். வாயே திறக்காத ஆட்கள்கூடப் பேச ஆரம்பித்தார்கள். அந்த இடைவெளியில் நாங்கள் இருவரும் 'சாப்டியா', 'இளைச்சுட்ட' என்று உதட்டால் பேசிக்கொள்வோம்.

"கூட்டமாடி இது, ரப்பரா?" என்பாள் இஸ்திரி அக்கா.

நேற்றைய கூட்டத்தில் மேனேஜர் என்னைப் பாராட்டினார். "இவ்ளோ தெளிவா கூட்டம் நடத்த வேற ஆளே இல்ல. இனிமே வாராவாரம் எல்லாரும் சேர்ந்து உக்கார அவசியமில்ல. ரெண்டு கிளையும் தனித்தனியா நடத்திக்குங்க."

எல்லாரும் கைதட்டினார்கள். இனித் திரையில் அவர் முகமும் கிடையாது. நன்றாகப் பேசக் கற்றுக்கொண்டு நானே என் தலையில் மண்ணை அள்ளிப் போட்டுக்கொண்டேன். திரையில் அவர் கையும் பாதியில் நின்றது.

பழக்க தோஷம், வாய் தானாகக் கேட்டது: "வேற யாருக்காவது ஏதாவது?"

இஸ்திரி அக்கா என் பக்கம் திரும்பி உதட்டை மட்டும் அசைத்தாள்: 'கேளுடி.' திரையில் அவருக்குப் பின்வரிசை முழுக்க அதே உதட்டசைவு. அப்போதுதான் எனக்கு உறைத்தது. உதடு படிக்கத் தெரிந்தது எங்கள் இருவருக்கு மட்டுமா? இத்தனை நாளும் எங்கள் கொஞ்சலை இரண்டு கிளையும் படித்துக்கொண்டிருந்திருக்கிறது, மேனேஜரைத் தவிர.

வெட்கம் பிடுங்கித் தின்றது. ஆனாலும் எழுந்து நின்றேன்.

"எனக்கு ஒண்ணு இருக்கு சார்." மெஷின் ஓடியிருந்தாலும் கேட்டிருக்கும், அவ்வளவு பெரிய குரல். "அங்க ஓரத்து நாற்காலில இருக்கறவர் என் வீட்டுக்காரர். அவர் இங்க திரும்பி வரணும். அவர் இல்லாம என்னால முடியல."

"இத ஏம்மா இவ்ளோ நாள் சொல்லல?"

"இப்பதான் சார் பேசக் கத்துக்கிட்டேன்."

மேனேஜர் தொண்டையைச் செருமினார். "இடம் காலியானா பாக்கறேன்," என்றார்.

திரை அணையும் முன் என் வீட்டுக்காரர் என்னவோ சொன்னார். ஊரார் உதட்டையெல்லாம் படிக்கிற எனக்கு அவர் உதடு தெரியவில்லை. கண் முழுக்கத் தண்ணீர்.

"என்னக்கா சொன்னார்?"

இஸ்திரி அக்கா மூக்கை உறிஞ்சினாள்.

"அடுத்த கூட்டம் எப்பன்னு கேக்கறாருடி."