வலது பக்கம் திரும்பாத பாதை

என் கணவருக்கு டிப்போவில் ‘நிமிஷம்’ என்று பெயர். எந்தப் பஸ் எந்த நிறுத்தத்துக்கு எத்தனை மணி எத்தனை நிமிஷத்துக்கு வர வேண்டும் என்று அட்டவணை போடுவதுதான் முப்பத்தோரு வருஷம் அவர் பார்த்த வேலை. ஓய்வு பெற்று மூன்று வருஷம் ஆகிவிட்டது. புத்தி மட்டும் இன்னும் டிப்போவில்தான் இருக்கிறது. ஐந்து நிமிஷத்தில் டீ தருகிறேன் என்று வாய் தவறிச் சொல்லிவிட்டால் தொலைந்தேன். ஆறாவது நிமிஷம் சமையலறை வாசலில் வந்து நின்று, அடுப்பில் ஏதாவது பழுதா என்று மரியாதையாக விசாரிப்பார்.

போன வருஷக் கடைசியில் அவருடைய இரண்டு கண்ணிலும் நடுவில் மங்கல் விழுந்தது. ஓரத்தில் இருப்பதெல்லாம் தெரியும், நேரே பார்ப்பது தெரியாது. என்னைப் பார்த்தால் காது இரண்டும் தெரிகிறதாம், முகம் இருக்க வேண்டிய இடத்தில் வெறும் புகைதானாம். முப்பத்து நான்கு வருஷம் பார்த்துச் சலித்த முகம்தானே, இனிமேல் காதைப் பாருங்கள் என்றேன். அவர் சிரித்தார். நான் குளியலறைக்குள் போய்க் குழாயைத் திறந்துவிட்டு அழுதேன்.

மாதம் ஒரு முறை கண்ணில் ஊசி போட்டுக்கொண்டால் இருக்கிற பார்வை குறையாமல் நிற்கும், ஆனால் வண்டியை மட்டும் இனி தொடவே கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். கண் மருத்துவமனை நகரத்தில். நாங்கள் இருப்பது பத்தொன்பது கிலோமீட்டர் தள்ளிப் புறநகரில். ஊசி போட்ட கண்ணோடு பஸ் நெரிசலில் வரவும் கூடாதாம். முதல் இரண்டு ஊசிக்கும் எங்கள் மகள் வங்கியில் லீவு போட்டுவிட்டு வந்து, எங்கள் காரிலேயே கூட்டிப்போய்க் கூட்டிவந்தாள். இரண்டாவது முறை திரும்பும்போது பேச்சை எடுத்தாள். வீட்டையும் காரையும் விற்றுவிட்டு நகரத்தில் தன்னோடு வந்து இருந்துவிட வேண்டும், பின் அறைக்கு வெள்ளையடித்தாகிவிட்டது, மாப்பிள்ளைக்கும் சம்மதம்.

அவள் சொன்னதில் குற்றம் சொல்ல ஒன்றுமில்லை. பாசத்தில் சொன்னாள். ஆனால் இந்த வீட்டில் இவருக்குக் கண்ணே வேண்டாம். படி எத்தனை, கதவு எந்தப் பக்கம் திறக்கும், சர்க்கரை டப்பா எந்தத் தட்டில் என்பதெல்லாம் காலுக்கும் கைக்கும் தெரியும். மங்கல் விழுந்த புதிதில் மகளின் மூன்றாவது மாடி வீட்டில் ஒரு வாரம் இருந்தபோது மூன்று தடவை முழங்காலில் இடித்துக்கொண்டார். நான்காவது நாளிலிருந்து நாற்காலியை விட்டு எழுந்திருக்கவே இல்லை. என் கணவர் அப்படி உட்கார்ந்து நான் பார்த்ததே கிடையாது. அதை நினைத்துத்தான், என்னிடம் லைசென்ஸ் இருக்கிறதே, நான் கூட்டிப் போகிறேன் என்று வாயைக் கொடுத்து மாட்டிக்கொண்டேன்.

மகள் வண்டியை ஓட்டிக்கொண்டே சிரித்தாள். “அம்மா, நீ காய்கறிக் கடைக்கே மூணு தெரு சுத்திப் போற.”

உண்மைதான். ஐம்பத்தாறு வயதில், மூன்றாவது முயற்சியில் லைசென்ஸ் வாங்கியவள் நான். இடது பக்கம் எத்தனை தடவை வேண்டுமானாலும் திரும்புவேன். வலது பக்கம் திரும்ப வேண்டுமென்றால், எதிரே வருகிற வண்டிகளுக்குக் குறுக்கே போக வேண்டுமே, அங்கேதான் எனக்குக் கையும் ஓடாது காலும் ஓடாது. கடைசியில் மகளே ஓர் ஒப்பந்தம் போட்டாள். அடுத்த மாத ஊசிக்கு நாங்கள் இருவரும் தனியாகக் கிளம்பி, காலை ஒன்பது மணிக்கு மருத்துவமனை வாசலில் நிற்க வேண்டும். நின்றால் வீட்டுப் பேச்சு இனி இல்லை. நிற்காவிட்டால் மாதக் கடைசியில் பெட்டியைக் கட்ட வேண்டும். இரண்டு பேரும் வாக்குக் கொடுத்தோம்.

மறுநாள் மதியமே இவர் சாப்பாட்டு மேஜையில் உட்கார்ந்துவிட்டார். மூன்று வருஷம் கழித்து அவர் கைக்கு ஒரு வேலை வந்திருந்தது. அவர் சொல்லச் சொல்ல நான் எழுத வேண்டும், பெரிய எழுத்தில், ஒரு பக்கத்துக்கு நான்கு வரி. வலது பக்கமே திரும்பாமல் நகரத்துக்குப் போக ஒரு பாதை இருக்கிறது என்றார். எட்டாம் எண் பஸ் போகிற பாதை. தண்ணீர்த் தொட்டியைச் சுற்றி, ரயில் பாலத்துக்கு அடியில் நுழைந்து, மார்க்கெட்டைத் தொட்டுக்கொண்டு, இருபத்தேழு கிலோமீட்டர், பதினோரு திருப்பம், பதினொன்றும் இடது. எட்டு கிலோமீட்டர் அதிகமாகச் சுற்றினாலும் என் மனைவி பயப்படக் கூடாது என்று ஒரு மனுஷன் மூன்று மதியம் உட்கார்ந்து யோசித்திருக்கிறார். கல்யாணமான புதிதில்கூட எனக்காக இவ்வளவு மெனக்கெட்டதாக நினைவில்லை.

நான்காம் நாள் ஒத்திகை. கூடத்தில் இரண்டு நாற்காலியைப் பக்கத்தில் பக்கத்தில் போட்டோம். என் கையில் குக்கர் மூடி, ஸ்டீயரிங் என்று வைத்துக்கொள்ளுங்கள். அவர் கண்ணை மூடிக்கொண்டு, மரக்கடை எட்டு மணி ஆறு நிமிஷம், பெட்ரோல் பங்க் எட்டு பத்து, இடது, என்று ஓதுவார். நான் மூடியைத் திருப்புவேன். கேஸ் சிலிண்டர் கொண்டுவந்தவர் வாசலில் நின்று இதைப் பார்த்துவிட்டு, பேசாமல் சிலிண்டரை வைத்துவிட்டுப் போய்விட்டார்.

ஊசி நாளன்று காலை ஏழு நாற்பதுக்குக் கிளம்பினோம். இவர் சட்டைப் பித்தானைக் கழுத்துவரை போட்டுக்கொண்டு, காகிதக் கட்டை மடியில் வைத்துக்கொண்டார். படிக்க முடியாது, இருந்தாலும் மடியில் இருக்க வேண்டும். மரக்கடைக்கு வந்ததும் மணி என்ன என்று கேட்டார். எட்டு அடிக்க இன்னும் ஒரு நிமிஷம் இருக்கிறது என்றேன் பெருமையாக. அவர் முகம் சுருங்கிவிட்டது.

“ஓரமா நிறுத்து. ஏழு நிமிஷம் முன்னாடி வந்துட்டோம். எட்டு ஆறுக்குத்தான் இங்கேருந்து எடுக்கணும்.”

ஏன் முன்னாடி வந்தோம் என்பது அப்புறம்தான் புரிந்தது. பாதையில் இருபத்தாறு பஸ் நிறுத்தம். ஒவ்வொன்றுக்கும் ஆள் ஏறி இறங்க அரை நிமிஷம் சேர்த்துத்தான் இவர் அட்டவணை போட்டிருந்தார். கை பழக்கம். சீக்கிரம் போவது தாமதத்தைவிட மோசம், நம்பி ஓடி வருகிறவன் பஸ்ஸை விட்டுவிடுவான் என்று எனக்கு விளக்கினார். நம்ம காரைப் பிடிக்க யாருங்க ஓடி வரப்போறாங்க என்று கேட்டேன். கொஞ்சம் யோசித்தார். இருந்தாலும் என்றார். அவர் போட்ட அட்டவணையை நான் கெடுப்பானேன் என்று நானும் எட்டு ஆறு வரை மரக்கடைக்கு எதிரே உட்கார்ந்திருந்தேன். கடைக்காரர் வெளியே வந்து கட்டில் பார்க்கிறீர்களா என்று கேட்டார். இதே மாதிரி பாலத்தடியில் ஐந்து நிமிஷம் நின்றோம்.

மற்றபடி நன்றாகத்தான் போனது. எட்டுத் திருப்பம் முடிந்தது. இடது, இடது என்று இவர் சொல்லச் சொல்ல, என் கை தானாகத் திரும்பியது. எனக்குக்கூட உள்ளுக்குள் ஒரு மிதப்பு வந்துவிட்டது. மார்க்கெட் வந்தது. எட்டு நாற்பத்தொன்று. ஒன்பதாவது திருப்பம், இடது என்றார்.

திருப்பத்தில் என் உயரத்துக்கு ஒரு சிவப்புப் பலகை நின்றது. வாய்விட்டுப் படித்தேன். “பஸ்கள் மட்டும். மற்ற வாகனங்களுக்கு அனுமதி இல்லை.”

நான் காரைப் பஸ் நிறுத்தத்திலேயே நிறுத்திவிட்டேன், வேறு எங்கே போவது. பலகை நேற்று வைத்ததா என்று கேட்டேன். இல்லை, பதினைந்து வருஷமாக இருக்கிறது, நான்தான் எழுதிக் கேட்டு வைக்கச் செய்தேன் என்றார். இவர் தலைக்குள் இருக்கிற நகரத்தில் பஸ் மட்டும்தான் ஓடுகிறது. இவர் கார் ஓட்டிய காலத்தில் எப்போதும் பெரிய சாலை வழியாகவே வந்து போனார், இந்தப் பக்கம் காரைத் திருப்பியதே இல்லை. பின்னால் ஒரு பஸ் வந்து நின்று, காது கிழிய ஹாரன் அடித்தது.

“மகளைக் கூப்பிட்டுடலாம்” என்றார் மெதுவாக. “அவ ஒண்ணும் நினைச்சுக்க மாட்டா. தப்பு என்னோடது.”

நான் போனைக் கையில் எடுத்தேன். பொய் சொல்வானேன், எடுத்தேன். அப்போது இவரைத் திரும்பிப் பார்த்தேன். காகிதக் கட்டை ஒழுங்காக அடுக்கி, இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, மகள் வீட்டு நாற்காலியில் உட்கார்ந்த மாதிரியே உட்கார்ந்திருந்தார். எனக்கு வந்ததே கோபம். இவர் மேலா, பலகை மேலா, என் மேலேயா என்று இன்றுவரை தெரியாது. போனைப் பின் சீட்டில் எறிந்தேன்.

“ஆஸ்பத்திரி எந்தப் பக்கம்?”

“வலது பக்கம்தான். ஆனா நீ…”

“கொஞ்ச நேரம் பேசாம இருங்க.”

வலது பக்க விளக்கைப் போட்டேன். எதிரே லாரி, வேன், ஸ்கூட்டர், அதன் பின்னால் இன்னொரு லாரி. இவர் ஒரு கையை எடுத்து என் சீட்டின் ஓரத்தில் வைத்தார், என் மேல் படாமல். இரண்டாவது லாரி போனதும் ஓர் இடைவெளி வந்தது. போய்விட்டேன். அவ்வளவுதான். அந்தப் பக்கம் போய்ச் சேர்ந்த பிறகுதான் மூச்சு விட்டேன்.

அதற்குப் பிறகு காகிதம் இல்லை. என்ன தெரிகிறது என்று இவர் கேட்பார். மஞ்சள் சுவரோடு ஒரு பள்ளிக்கூடம், கண்ணாடிக் கடை, மூன்று சாலை சேருகிற இடம் என்று நான் சொல்வேன். சரி, அடுத்த சந்துக்குள் நுழை என்பார். இன்னும் இரண்டு தடவை வலது பக்கம் திரும்பினேன். அதில் ஒன்று, எதிரே வந்த வண்டிக்காரர் கையெடுத்துக் கும்பிட்டு வழிவிட்டதால் நடந்தது. அதையும் கணக்கில் சேர்த்துக்கொள்ளத்தான் வேண்டும். மருத்துவமனை வாசலில் வண்டியை நிறுத்தியபோது மணி ஒன்பது பதினொன்று.

மகள் வாசலில் நின்றிருந்தாள். தலையில் ஹெல்மெட், முகமெல்லாம் வியர்வை. நான் இவரைக் கைபிடித்து இறக்கினேன். அவள் வாயைத் திறப்பதற்குள் இவரே தொண்டையைச் செருமிக்கொண்டு சொன்னார்.

“பதினோரு நிமிஷம் தாமதம். அட்டவணையில தப்பு. டிரைவர் மேல தப்பில்ல.”

எனக்குத் தெரிந்து முப்பத்தோரு வருஷத்தில் எந்த டிரைவருக்கும் இவர் அப்படி எழுதிக் கொடுத்ததில்லை. பஸ் தாமதமாக வந்தால் அது டிரைவரின் குற்றம், அட்டவணையின் குற்றம் அல்ல என்று அடம்பிடித்தவர். நானும் பெருமைப்பட்டுக்கொள்ளத்தான் நினைத்தேன். அப்போதுதான் அந்த ஹெல்மெட் கண்ணில் உறுத்தியது. மகளின் வீடு மருத்துவமனைக்கு இரண்டு தெரு தள்ளித்தான். நடந்தே வருவாள். எங்கே போய்விட்டு வருகிறாய் என்று கேட்டேன்.

அவள் அப்பாவைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். அப்புறம் கொட்டிவிட்டாள். தூக்கமே வரவில்லையாம். விடிந்ததும் கிளம்பி வந்து, எங்கள் தெருமுனையில் சலவைக் கடைக்குப் பின்னால் ஸ்கூட்டரோடு நின்றிருக்கிறாள். மார்க்கெட் வரை எங்கள் பின்னாலேயே வந்து, அப்புறம் குறுக்குச் சந்தில் புகுந்து முந்திக்கொண்டு இங்கே வந்திருக்கிறாள். மரக்கடை எதிரே ஏன் நின்றோம் என்று தெரியாமல், அப்பாவுக்கு ஏதோ ஆகிவிட்டது என்று பாதி உயிர் போய்விட்டதாம்.

“மார்க்கெட்ல நீ நின்னப்போ ஸ்கூட்டரை நடுரோட்டுல போட்டுட்டு ஓடி வந்தேம்மா” என்றாள். “கண்ணாடியைத் தட்டி, நகரு, நான் ஓட்டுறேன்னு சொல்லலாம்னு. பத்தடிகூட இருக்காது. நீ திரும்பிப் போயிட்ட.”

நான் அவள் ஹெல்மெட்டைக் கழற்றி, முந்தானையால் நெற்றியைத் துடைத்தேன். சின்னப் பிள்ளை மாதிரி நின்று துடைக்கக் கொடுத்தாள். பிறகு மூக்கை உறிஞ்சிக்கொண்டு, பின் அறையைக் கம்ப்யூட்டர் வைக்கக் கேட்டு மாப்பிள்ளை நச்சரித்துக்கொண்டே இருக்கிறார், வைத்துக்கொள்ளச் சொல்லிவிடுகிறேன் என்றாள். இவர் அந்தப் பக்கம் திரும்பிக்கொண்டு சட்டைப் பித்தானைச் சரிபார்த்தார்.

“திரும்பிப் போறப்போ நான் ஓட்டட்டுமா?” என்றாள். “ஊசி போட்டதும் அப்பாவுக்குக் கண்ணு சுத்தமா தெரியாது. வலி வேற இருக்கும். வழிகூடச் சொல்ல முடியாது.”

“வேண்டாம். நீ பாங்குக்குப் போ, நேரமாச்சு.”

அவள் அப்பாவின் கையை எடுத்து என் கையில் வைத்துவிட்டு, ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டு கிளம்பினாள். தெருமுனையில் ஒரு தடவையாவது திரும்பிப் பார்ப்பாள் என்று நான் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். பார்க்கவே இல்லை, நேராகப் போய்விட்டாள். நான் இவரைக் கூட்டிக்கொண்டு உள்ளே போனேன்.