வெள்ளை விரிப்புக்குக் கீழே

1

இந்தக் கதை பிறந்த விதத்தை மறைக்க வேண்டாம். ஒரு டின் வார்னிஷ் கவிழ்ந்தது. கவிழ்த்தவர், இதை எழுதுகிற பிழைதிருத்துநர். கவிழ்ந்த இடம், ஆலயத்துக்காக அவருடைய மச்சான் செய்து முடித்திருந்த திருவிருந்து மேசை. பிரதிஷ்டைக்கு நான்கே நாள் இருந்தது.

(‘நான்’ என்று தொடங்கி அடித்துவிட்டார். படர்க்கையில் நின்றால் அடி கொஞ்சம் தள்ளி விழும்.)

2

மச்சான் என்றால் மனைவியின் அண்ணன்; தச்சர். தன் வீட்டு வாசல் கதவுக்கென்று ஆறு வருடம் காயவைத்திருந்த மரத்தை அறுத்து மேசையாக்கிக் கொடுத்துவிட்டார். அவர் வீட்டில் இன்றும் பழைய தகரக் கதவுதான். காற்றடித்தால் தெருவுக்கே தெரியும்.

“ஆண்டவருக்குன்னா அண்ணன் மனசாரக் குடுப்பார்” என்றாள் மனைவி. “நீங்களுந்தான் இருக்கீங்களே, காணிக்கைப் பை வந்தா மட்டும் கண்ண மூடி ஜெபம்!”

போதாக்குறைக்கு, சபைப் பத்திரிகையில் மச்சானைப் பற்றி எழுதும் வேலையும் பிழைதிருத்துநரின் தலையில் விழுந்தது. வயிறு எரிந்தது.

3

முதல் வரைவு: ‘தச்சர் பெயருக்காகக் கொடுத்தார். மேசையின் அடியில் தன் பெயரைச் செதுக்கி’

ஆதாரம் வேண்டுமே. ஆலயத்துக்குப் போய் முழங்காலிட்டு மேசைக்கு அடியில் டார்ச் அடித்தார். பெயர் இல்லை.

பின்னால் போதகரின் குரல். “ஜெபம் பண்றீங்களா?”

“ஆமா பாஸ்டர்.” [பொய். இருக்கட்டும்.]

போதகர் நெகிழ்ந்துபோய்த் தன் அறைக்குத் திரும்பினார்.

இரண்டாம் வரைவு: ‘தச்சருக்கு ரகசியமாக ஒரு’

ஒரு என்ன? குடியா? மனிதர் இரண்டாவது டீக்கே யோசிப்பவர். வாசகரே, கற்பனையில்கூடக் கெடுக்க முடியாத ஒருவரோடு ஒரே குடும்பத்தில் இருந்து பாருங்கள், தெரியும்.

4

டார்ச்சை அணைத்து எழுந்தார். மேசையைத் தடவினார். ஒரு பிசிறில்லை. தான் இத்தனை முழுதாக யாருக்கும் எதையும் கொடுத்ததில்லை என்று தோன்றியது. சுற்றுமுற்றும் பார்த்தார். விளிம்பில் வார்னிஷ் டின்.

‘கை தவறி’ என்று எழுதினார். அடித்தார். ‘முழங்கை பட்டு’. அதையும் அடித்தார்.

ஒரு விரலால் தள்ளினார்.

(சரி. தள்ளினேன்.)

அடுத்த நொடியே பதறிப்போய்ச் சட்டையைக் கழற்றித் துடைக்கத் தொடங்கினேன். சத்தம் கேட்டுப் போதகர் ஓடிவந்தார். எங்கிருந்தோ மச்சானும் வந்து நின்றார்.

“என் தப்பு பாஸ்டர். டின்ன விளிம்புல வச்சுட்டேன்” என்றார்.

பழியைக்கூட எனக்கென்று விட்டுவைக்கவில்லை! மூன்று நாள் இழைத்தார். ஒரு மூலையில் உள்ளங்கை அகலத்துக்குக் கறை நின்றுவிட்டது. மேலே வெள்ளை விரிப்பு போட்டுப் பிரதிஷ்டை நடந்தது.

5

கைவசம் இரண்டு முடிவுகள். ஒன்று, மச்சானுக்கு உண்மை தெரியாது. அப்படியானால் நான் நிம்மதியாகத் தொடர்ந்து பொறாமைப்படலாம். இரண்டு, தெரியும். அப்படியானால் நான்

எது வேண்டுமோ எடுத்துக்கொள்ளுங்கள் என்று உங்கள் கையில் கொடுத்துவிட்டு நழுவலாம் என்றிருந்தேன். முடியவில்லை. பட்டறைக்குப் போனேன்.

“மச்சான், அன்னைக்கு அந்த டின்னு... அது வந்து...”

“தெரியும் மாப்ள.” இழைப்புளி நிற்கவில்லை. “டார்ச் அடிச்சதுலருந்து பாத்தேன். நீங்க சுத்திமுத்தித்தான் பாத்தீங்க, மேல பாக்கல. நான் ஜன்னல் மாட்ட ஏணியில நின்னேன்.”

“அப்ப ஏன் உங்க தப்புன்னு...”

“மொத ரெண்டு படி, உங்கள அறையணும்னுதான் எறங்கினேன். நாலாவது படியில ஜெபம் பண்ணேன். ஒண்ணும் ஆகல. கீழ வந்து பாத்தா, சட்டையில்லாம அழுதுக்கிட்டே தொடைக்கிறீங்க.” மரச்சீவலை ஊதித் தள்ளினார். “மேசையக் குடுத்தாச்சு. கோவத்த மட்டும் வீட்டுக்கு எடுத்துட்டுப் போயி என்ன பண்றது மாப்ள? வாசல்ல கதவா மாட்டுறதா?”