மூன்றாவது பெஞ்சுக்கு மேலே

தாராவியில் தோல் கிடங்குகளுக்குப் பின்னால் இருக்கும் தமிழ்த் தொடக்கப் பள்ளியில், நான்காம் வகுப்பின் மேல்தளத்திலிருந்து பெயர்ந்த கான்கிரீட் பாளம் ஒன்று, கேரம் போர்டு அகலத்தில், மூன்றாவது பெஞ்சுக்கு மேலே அந்தரத்தில் நான்கு மழைக்காலம் நின்றது. வார்டு ஆபீஸ் ஒட்டிய நோட்டீஸ்தான் அதைப் பிடித்துக்கொண்டிருந்தது.

தலைமையாசிரியை கோகிலவாணி வடாலாவிலிருந்து வருகிறவர். விரிசல் விட்ட தளத்தைச் செப்பனிட அனுமதி கேட்டு வார்டு ஆபீசில் எழுதிக் கொடுத்துவிட்டுக் காத்திருந்தார். பிள்ளைகளின் தகப்பன்மார் பலரும் கொத்தனார்கள், சென்ட்ரிங் வேலைக்காரர்கள். அனுமதி இன்றைக்கோ நாளைக்கோ வந்துவிடும் என்று நம்பி, வாசலில் ஒரு டெம்போ மணலைக் கொட்டினார்கள். விரிசலை வருஷக்கணக்காகப் பார்க்க முடியாத வார்டு ஆபீஸ், மணலை ஒரே நாளில் பார்த்துவிட்டது. காக்கிச் சட்டை போட்ட ஆபீஸ் சிப்பாய் ஒருவர் பசை வாளியோடு வந்து வாசல் சுவரில் நோட்டீஸ் ஒட்டினார். அனுமதி கிடைக்கும்வரை எந்த வேலையும் நடக்கக் கூடாது, கட்டடத்தில் இப்போதுள்ள நிலையே தொடர வேண்டும் என்று அதில் இருந்தது. அவர் காகிதத்தைக் கையால் நீவிவிட்ட அதே நொடியில்தான் உள்ளே பாளம் பெயர்ந்தது. பாதி வழி வந்து நின்றுகொண்டது.

கட்டடம் உத்தரவை எழுத்துப் பிசகாமல் மதித்தது. பாதி திறந்திருந்த ஜன்னல் பாதியாகவே இருந்தது. மழைக்காலத்தில் விரிசல் வழியாக வந்த தண்ணீர், தளத்தின் அடியில் சொட்டுச் சொட்டாகத் திரண்டு கீழே இறங்காமல் தொங்கியது. உத்தரவு கட்டடத்துக்கு மட்டும் என்பதால் பிள்ளைகள் வளர்ந்தார்கள், தேறினார்கள், வேறு பிள்ளைகள் வந்தார்கள். முதல் வாரம் அழுதவர்கள் அடுத்த வாரம் அதன் நிழலில் சோற்று டப்பாவைத் திறந்தார்கள்.

ஒரு பக்ரீத் சமயத்தில் தெருவில் கட்டியிருந்த ஆடு ஒன்று அவிழ்த்துக்கொண்டு வந்து நோட்டீஸின் மூலையைத் தின்றது. உள்ளே பாளம் ஒரு சாண் இறங்கியது. கோகிலவாணி ஆட்டைத் துரத்திவிட்டு, அன்றைக்கே நோட்டீஸுக்குக் கண்ணாடிச் சட்டம் அடித்தார். வகுப்பை வராந்தாவுக்கு மாற்றினார். கல்வித் துறையிலிருந்து வந்தவர், வராந்தாவில் பாடம் நடத்துவது விதிமீறல் என்று எழுதிவைத்துவிட்டுப் போனார். பிள்ளைகள் உள்ளே திரும்பினார்கள்.

செப்பனிட அனுமதி வேண்டுமென்றால் கட்டடம் அபாயமானது என்று சான்று வேண்டும். அதற்காக வார்டு ஆபீஸின் இன்ஜினியர் சாருலதா வந்தார். மரியாதையானவர். செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் வகுப்புக்குள் நுழைந்தார். பாளத்தைச் சுற்றிவந்து பார்த்தார், குனிந்து அடியிலும் பார்த்தார். இது விழுகிறதா என்று இந்தியில் கேட்டார். இல்லை என்று கோகிலவாணி உண்மையைச் சொன்னார். விழாத ஒன்றை அபாயம் என்று தான் எப்படி எழுதுவது என்று வருத்தத்தோடு கேட்டுவிட்டு, நிலையாக உள்ளது என்று எழுதிக்கொண்டு போனார்.

செய்தி பரவியது. சாய்ந்த சுவர்க்காரர்களும், படிக்கட்டு ஆடுகிறவர்களும் வார்டு ஆபீஸுக்குப் போய், நாங்கள் அனுமதியில்லாமல் கட்டியிருக்கிறோம், எங்களுக்கும் ஒரு நோட்டீஸ் ஒட்டுங்கள் என்று தங்களைத் தாங்களே காட்டிக்கொடுத்தார்கள். தூரத்துக் குடிசைப் பகுதியான சீத்தா கேம்ப்பிலிருந்துகூட ஆட்கள் வந்து வரிசையில் நின்றார்கள். நோட்டீஸ் ஒட்டுவதற்கும் தடையில்லாச் சான்று வேண்டும் என்று ஆபீஸ் சொல்லிவிட்டது.

இட்லி விற்கும் முருகம்மாளுக்கு மட்டும் அது பழகிப்போகவில்லை. ஒருநாள் காலையில் கூடையோடு நேராகத் தலைமையாசிரியை அறைக்கு வந்தாள்.

"மூத்தவ அதுக்கு அடியில படிச்சி பெரிய ஸ்கூலுக்குப் போயிட்டா. இப்ப மாரிசெல்வியும் அங்கனதான் உக்காந்திருக்கா. பந்தல் போட்ட மாதிரி எல்லாரும் சும்மா இருக்கீய. அனுமதி வந்துட்டுன்னா அது என்ன செய்யும் டீச்சர்?"

அந்தக் கேள்வி கோகிலவாணிக்குத் தோன்றியதே இல்லை. தளத்தையும் பாளத்தையும் தாங்கி நிற்பது அனுமதி வராதிருப்பதுதான், இத்தனை வருஷம் ஆபீஸ் ஆபீஸாக ஏறி அதை வரச்சொல்லித்தான் கெஞ்சிக்கொண்டிருந்தோம் என்று அப்போதுதான் உறைத்தது. அன்று முதல் தெருவில் காக்கிச் சட்டையைக் கண்டால் வாசலுக்கு ஓடிப்போய் நோட்டீஸ் இருக்கிறதா என்று பார்த்துவிட்டு வந்தார்.

எந்த மேஜையைத் தாண்டி எப்படி வந்ததோ, அபாயச் சான்று இல்லாமலே ஒருநாள் அனுமதி வந்தது. பள்ளி நடந்துகொண்டிருக்கும்போது, அதே சிப்பாய் கொண்டுவந்தார். ஆணையைக் கொடுத்துக் கையெழுத்து வாங்க வேண்டும், பழைய நோட்டீஸைக் கிழிக்க வேண்டும், இன்னும் நாலு இடம் போக வேண்டும் என்றார். கோகிலவாணி ஓடிவந்து கண்ணாடிச் சட்டத்தின் மேல் முதுகைச் சாய்த்து, இரண்டு கைகளையும் விரித்து நின்றுகொண்டார். சர்க்காரி வேலையைத் தடுக்கிறீர்கள் என்று சிப்பாய் சத்தம்போட்டார்.

"தடுக்கத்தான் செய்றேன் பாய். என் பிள்ளைங்க உள்ள இருக்காங்க."

வாசலில் இட்லிக்கூடையை இறக்கிக்கொண்டிருந்த முருகம்மாள் உள்ளே பாய்ந்தாள். ஒவ்வொரு வகுப்பாகப் பிள்ளைகளைப் பிடரியில் தட்டி வெளியே தள்ளினாள். மாரிசெல்வி ரப்பரைக் காணோம் என்று திரும்பப் போனவள், ஓர் அறை வாங்கிக்கொண்டு வந்தாள். கடைசிப் பிள்ளையும் தெருவுக்கு வந்த பிறகு முருகம்மாள் தலையசைத்தாள். கோகிலவாணி சுவரைவிட்டு விலகினார்.

சிப்பாய் சட்டத்தைக் கழற்றி நோட்டீஸைக் கிழித்தார். முதலில் பாளம் விழுந்து மூன்றாவது பெஞ்சை இரண்டாக்கியது. பின்னாலேயே தளம் முழுவதும் இறங்கியது. நான்கு மழைக்காலத்து ஒழுகல் ஒரே வீச்சில் கொட்டி, வாசல் மணலை அடித்துக்கொண்டு கடைத்தெருவரை போனது. கோகிலவாணி ஈரத்தெருவிலேயே உட்கார்ந்துவிட்டார். பிள்ளைகளை எண்ணினார், மறுபடியும் எண்ணினார், நம்பிக்கை வராமல் முருகம்மாளையும் எண்ணச் சொன்னார்.

மறுநாள் சாருலதா வந்து அண்ணாந்து பார்த்தார். வானம் தெரிந்தது. கொடுத்த அனுமதி ஏற்கெனவே இருந்த தளத்தைச் செப்பனிடத்தான், இப்போது தளமே இல்லை, ஆகவே இது புதுக் கட்டுமானம், முதலிலிருந்து விண்ணப்பிக்க வேண்டும் என்றார். கோகிலவாணி வாதாடவில்லை. சரி மேடம் என்றார்.

தீபாவளி விடுமுறையில் தகப்பன்மார் வந்தார்கள். ஊருக்குப் போகிற டிக்கெட்டை ரத்து செய்தவர்களும் அதில் இருந்தார்கள். யாரும் யாரிடமும் அனுமதி கேட்கவில்லை. கம்பி கட்டி, கான்கிரீட் போட்டு, அது இறுகுவதற்குத் தண்ணீர் கட்டி, பலகை பிரித்தார்கள். பள்ளி திறக்கிற அன்று காலையில்தான் உள்சுவருக்குச் சுண்ணாம்பு அடித்து முடித்தார்கள். அந்த நேரத்தில் சாருலதாவே பசை வாளிக்காரரோடு வந்து சேர்ந்தார்.

"பர்மிஷன் இல்லாம கட்டிட்டீங்க" என்றார் இந்தியில்.

"ஆமா மேடம்" என்று கோகிலவாணி ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டார். "நோட்டீஸ் ஒட்டுங்க. நல்லா அழுத்தி ஒட்டச் சொல்லுங்க."

சாருலதா புதுத் தளத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு சிப்பாயிடமிருந்து பிரஷ்ஷை வாங்கி, நான்கு மூலைக்கும் தானே பசை தடவினார். தேநீர் குடித்துவிட்டுப் போனார்.

அந்தத் தளத்தில் இன்றுவரை ஒரு கீறல் விழவில்லை. இனி விழவும் விழாது. சுவரில் அன்று அடித்த சுண்ணாம்புதான் இன்னும் காயவில்லை. சாய்ந்து உட்காருகிற பிள்ளைகள் தினமும் வெள்ளை முதுகோடு வீட்டுக்குப் போகிறார்கள், தாய்மார்கள் திட்டிக்கொண்டே சட்டையைத் துவைத்துப் போடுகிறார்கள்.