யும்னா வாசித்த புத்தகங்கள்

பலாங்கொடை பஸாரில் பளீல் நடத்திவந்த புத்தகக் கடையில், அவருடைய மகள் யும்னாவின் நாற்பதாம் நாள் கத்தம் ஓதி முடிந்த மறுநாள், அவள் உயிரோடிருந்தபோது வாசித்த புத்தகங்கள் எல்லாம் அவள் குரலில் பேசத் தொடங்கின. அட்டையைத் திறந்தால் குரல் வரும், மூடினால் நின்றுவிடும். பக்கத்துக் கடைக்காரர்கள் வந்து கேட்டார்கள், யும்னாதான் என்றார்கள், திரும்பிப் போனார்கள். அந்த வாரம் போஞ்சி விலை ஏறியதைப் பற்றித்தான் சந்தையில் கூடுதலாகப் பேச்சு.

யும்னா பத்தொன்பது வயதில் டெங்குக் காய்ச்சலில் மவுத்தானவள். பள்ளிக்கூட நாட்களிலிருந்தே கல்லாவுக்குப் பின்னால் ஸ்டூலைப் போட்டுக்கொண்டு, கைக்கு அகப்பட்டதை உரத்து வாசிப்பாள். நாடகப் பிரதி என்றால் அரசனுக்கு ஒரு குரல், காவல்காரனுக்கு ஒரு குரல். மர்மக் கதை என்றால் கொலைகாரன் யாரென்று தெரியும் பக்கத்துக்கு முன்னால் நிறுத்தி, வாப்பாவைச் சீண்டுவாள். கடைசியாக அவள் எடுத்தது சப்ரகமுவையில் ஓடிய சின்ன ரயிலின் வரலாறு. அவள் பிறப்பதற்கு வெகுகாலம் முன்பே அந்தத் தண்டவாளங்களைப் பெயர்த்துவிட்டார்கள். அவிசாவளையில் புறப்பட்ட ரயிலை இரத்தினபுரி வரை கொண்டுவந்து சேர்த்த அன்று அவளுக்குக் காய்ச்சல் கண்டது. அங்கிருந்து கடைசி நிலையமான ஓப்பநாயக்க வரையிலான அத்தியாயங்களை அவள் வாசிக்கவில்லை.

முதலில் கேட்டவள் அவளுடைய உம்மா ஹப்ஸாதான். தூசி தட்டும்போது மர்மக் கதை ஒன்று கைதவறி விழுந்து திறந்துகொண்டது. குரல் ஒரு பக்கத்தை வாசித்துவிட்டு, "வாப்பா, ஆரு கொன்டதென்டு செல்லுங்க பாப்பம்?" என்று கேட்டது. கடையின் மறுகோடியில் கொப்பிகளை அடுக்கிக்கொண்டிருந்த பளீல், யோசிக்காமல், "அந்த டொக்டர்தான்" என்றார். சொன்ன பிறகுதான் கையிலிருந்த கொப்பிகள் நழுவின.

அன்றைக்கே கதவை இழுத்துச் சாத்தினார். அவள் வாசித்தவற்றை எல்லாம் கடைக்கு மேலிருந்த வீட்டுக்கு ஏற்றினார். "வித்தா அவள்ட குரலும் போயிரும்" என்றார். மாதக்கணக்கில் அந்த வீட்டில் யும்னாவின் குரல் ஓயவில்லை. ஹப்ஸா அதைக் கேட்டுக்கொண்டே சமைத்தாள். கேட்கக் கேட்க அவளுக்கு ஒன்று விளங்கியது. இந்தக் குரல் ஒருநாளும் பசிக்கிறது என்று சொல்லாது. உம்மா என்று கூப்பிட்டால் திரும்பாது.

ஓப்பநாயக்கவுக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து எடுக்கும் மீனாம்பாள், தன் மகளுக்குக் கொப்பி வாங்க வந்து, பூட்டிய கடைக்கு வெளியே மழைக்கு ஒதுங்கி நின்றாள். மாடியிலிருந்து குரல் வந்துகொண்டிருந்தது. மழை விட்டும் அவள் நகரவில்லை. ஹப்ஸா இறங்கி வந்து கதவைத் திறந்தாள்.

"எனக்கு எழுத்து தெரியாதுங்கம்மா" என்றாள் மீனாம்பாள். "அந்தப் புள்ள வாசிக்கிறத கேட்டுக்கிட்டு நின்னதுல, மலையில நின்ன கால்வலியே மறந்துபோச்சுங்க. அந்தக் கதைய குடுப்பீங்களா?"

ஹப்ஸா மேலே போய் அந்த மர்மக் கதையை எடுத்து, நனையாமல் பொலித்தீன் உறையில் போட்டுக் கொடுத்தாள். பளீல் தொழுதுவிட்டு வந்து பார்த்தபோது அடுக்கில் ஓர் இடைவெளி இருந்தது.

"என்ட புள்ளய வித்துட்டியா?"

"அவள் சத்தமாத்தானே வாசிச்சாள். நாலு பேருக்கு கேக்கட்டுமென்டுதானே. பூட்டி வெக்க எனக்கு ஏலா."

நோன்புப் பெருநாள் கழியும்வரை அவர் அவளோடு பேசவில்லை. ஹப்ஸா தனியாகவே கடையைத் திறந்தாள். மர்மக் கதைகள் ஒவ்வொன்றாகத் தோட்டத் தொழிலாளர் லயங்களுக்குப் போயின. நாடகப் பிரதிகளை ஆசிரியர்கள் கேகாலையிலிருந்துகூட வந்து வாங்கிப்போனார்கள். பிள்ளைகள் யும்னாவின் அரசனைக் கேட்டு அரசனாக நிற்கப் பழகினார்கள். ஒவ்வொரு புத்தகத்தையும் கொடுத்துவிட்டு ஹப்ஸா கொஞ்ச நேரம் உள்ளறையில் இருந்துவிட்டு வருவாள்.

ரயில் வரலாற்றை மட்டும் பளீல் விடவில்லை. தினமும் அஸர் தொழுகைக்குப் பிறகு அதைத் திறப்பார். குரல் இரத்தினபுரியில் நின்றுவிடும். அவர் அடுத்த பக்கத்தைப் புரட்டிக் காத்திருப்பார். எழுத்து இருந்தது, குரல் இல்லை. நோன்பு காலத்தில் ஒருநாள், பொறுக்க முடியாமல், அந்தப் பக்கத்தைத் தானே உரத்து வாசித்தார். வாசித்துப் பழக்கமில்லாத கட்டைக் குரல். ஊர்ப் பெயர்களில் தடுக்கியது. நோன்பு முடிவதற்குள் ரயிலை ஓப்பநாயக்கவில் கொண்டுபோய் நிறுத்தினார். அதன்பின் அந்தப் புத்தகத்தைத் திறந்தால் இரத்தினபுரி வரை மகள் வாசித்தாள், மிச்சத்தை வாப்பா வாசித்தார். பெருநாள் கழிந்ததும் அவரே அதைக் கீழே கொண்டுவந்து கடையின் முன்தட்டில் வைத்தார். ஹப்ஸாவிடம், "தேத்தண்ணி ஒன்டு ஊத்து" என்றார். அந்தி சாய்வதற்குள் ஒரு பஸ் சாரதி அதை வாங்கிப்போனார்.

இப்போது கடையில் யும்னாவின் குரல் எதுவும் மிச்சமில்லை. போன மாதம் டொக்டரிடம் கண் காட்டுவதற்காக ஹப்ஸா இரத்தினபுரிக்கு பஸ் ஏறினாள். பின் இருக்கையில் யாரோ ஒரு பெண் புத்தகம் ஒன்றைத் திறந்தாள். பாலத்தில் தனியாக நடந்துவரும் ஒருத்தியைப் பற்றிய பக்கம், ஹப்ஸா கேட்டிராதது. நடுவில் யும்னா ஒருமுறை இருமி, எச்சில் விழுங்கி, மறுபடி தொடர்ந்தாள். பஸ்ஸில் ஒருவரும் திரும்பிப் பார்க்கவில்லை. இரத்தினபுரி வந்ததும் கண்டக்டர் சிங்களத்திலும் தமிழிலும் கத்தினார். ஹப்ஸா எழும்பவில்லை. பஸ் ஊரைத் தாண்டிக் குருவிட்ட பக்கம் ஓடத் தொடங்கியது. பக்கத்தில் இருந்தவர், சாரல் அடிக்கிறது, கண்ணாடியைச் சாத்துங்கள் என்றார். அவள் சாத்தினாள். குரல் இன்னும் தெளிவாகக் கேட்டது.