ஸ்ட்ராபெரி வாசம்

துளசிக்கு அறவே பிடிக்காத வாக்கியம் ஒன்று உண்டு: “பால் பல்லுதானே, எப்படியும் விழப்போறது.” நிபோங் திபால் அரசாங்க கிளினிக்கில் பல் தாதியாக இருப்பவளுக்கு அதைக் கேட்காமல் பொழுது போகாது. சொத்தைப் பல்லோடு பிள்ளையை இழுத்து வருகிற அப்பா அம்மாவில் யாராவது ஒருவர் சொல்லிவிடுவார்கள். கடல் தாண்டித் தீவிலுள்ள பாயான் பாரு வீட்டுக்கு வந்ததும் அவர்களைப் போலவே பேசிக் காட்டுவாள். கணவன் லோகேஸ்வரன் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிப்பான். “இப்படியும் ஆளுங்க இருக்காங்களா!” என்பான்.

நிபோங் திபாலுக்கு மாற்றலானதிலிருந்து, கடல் பாலத்து வாகன ஜாமுக்குப் பயந்து இருட்டோடு கிளம்பிவிடுவாள். திரும்பி வந்தால் சமையல், பாத்திரம். அதனால் ஆறு வயது மகள் தனுஜாவுக்குப் பல் தேய்த்துவிடும் வேலை, காலையும் இரவும், லோகேஸ்வரன் தலையில் விழுந்தது. துளசிதான் சொல்லிக்கொடுத்தாள்: பட்டாணி அளவு பேஸ்ட், வட்ட வட்டமாக, கடைவாய் வரைக்கும். அவனும் நல்ல பிள்ளையாகத் தலையாட்டினான். படுக்கப் போகுமுன் தனுஜா ஓடிவந்து ‘ஆ’ காட்டுவாள். துளசி மோந்து பார்ப்பாள். ஸ்ட்ராபெரி வாசம் குப்பென்று வரும். முத்தம் கொடுத்து அனுப்பிவிடுவாள்.

பல் தாதிக்குச் சொந்த மகளின் வாயைப் பார்க்கத் தெரியாதா என்று கேட்பீர்கள். நாள் முழுக்க ஊரார் வாயைப் பார்த்துவிட்டு வருகிறவள், வீட்டில் மூக்கை நம்பினாள். அதைவிட, புருஷனை நம்பினாள்.

தனுஜாவின் பாலர் பள்ளியில் பெற்றோர் தினம் வந்தது. பல் சுத்தம் பற்றிப் பேச ஜெயலெட்சுமி டீச்சர் துளசியை அழைத்திருந்தார். முதல் நாள் இரவே துளசி லோகேஸ்வரனிடம் எல்லாம் சொன்னாள். ஒரு சிவப்பு மருந்து உண்டு, பல்லில் தடவினால் அழுக்கு இருக்கிற இடத்தில் மட்டும் சாயம் பிடிக்கும், நம் பிள்ளையை வைத்தே காட்டப்போகிறேன் என்றாள்.

“வேற பிள்ளைய கூப்பிடேன் லா. இவ வெக்கப்படுவா,” என்றான் அவன்.

“உங்க கைவேலைதானே? எல்லாரும் பாக்கட்டும். நீங்களும் வாங்க.”

“நாளைக்கு ஓவர்டைம் இருக்கு,” என்று டிவி பக்கம் திரும்பிக்கொண்டான். பாவம், மனுஷனுக்குக் கூச்சம் என்று துளசி நினைத்தாள். நினைத்துப் பெருமைப்படவும் செய்தாள்.

மறுநாள் முன்வரிசையில் தனுஜாவை நிற்க வைத்து, பஞ்சில் மருந்தைத் தொட்டுத் தடவினாள். வாயைக் கொப்பளிக்கச் சொன்னாள். தனுஜா எல்லோரையும் பார்த்துச் சிரித்தாள். வெற்றிலை போட்ட வாய் மாதிரி ஒரு பல் பாக்கியில்லாமல் சிவந்திருந்தது.

முன்னாலிருந்தவர்கள் எட்டிப் பார்த்தார்கள். துளசி சமாளித்தாள். “சில நேரம் அவசரத்துல விட்டுப்போயிடும். தனு, அப்பா எப்படித் தேய்ச்சு விடுவாரு? செஞ்சு காட்டும்மா.”

தனுஜாவுக்கு ஒரே குஷி. அம்மா மேசையில் வைத்திருந்த பேஸ்டைப் பிதுக்கி விரலில் எடுத்தாள். நாக்கை நீட்டி அதில் தடவிக்கொண்டாள். பிரஷைத் தண்ணீர்க் கிண்ணத்தில் நனைத்து ஓர் உதறு உதறி வைத்தாள்.

“முடிஞ்சிச்சு! இப்போ அம்மாகிட்ட ஓடணும்.”

குழந்தைகள் கைதட்டினார்கள். பின்னாலிருந்து யாரோ ஒரு அம்மா, “வாத்தியார் பிள்ளை மக்கு, வைத்தியர் பிள்ளை சீக்குன்னு சும்மாவா சொன்னாங்க,” என்றது நன்றாகவே கேட்டது. துளசி குனிந்து மகளின் கடைவாயைப் பார்த்தாள். சிவப்புக்கு நடுவே கறுப்பாக ஒரு சொத்தை. அதன் பிறகு என்ன பேசினாள், எப்படி வீடு வந்தாள் என்பது அவளுக்கே ஞாபகமில்லை.

இரவு லோகேஸ்வரன் செருப்பைக் கழற்றுமுன்னே கேட்டாள். “எத்தனை நாளா?”

அவன் மழுப்பவில்லை. அதுவும் ஒரு விதத்தில் வலித்தது. “அழுவுறா துளசி. பிரஷைப் பாத்தாலே மூஞ்சி சுருங்கிப்போவுது. உனக்கு வாசம் வந்தா போதும், அவளுக்கு அழுகை நின்னா போதும்னு…”

“நேத்து சொல்லியிருக்கலாமே? அத்தனை பேரு முன்னால நிக்கப்போறேன்னு தெரியுமே உங்களுக்கு!”

“நீ அவ்ளோ ஆசையா இருந்த. எப்படிச் சொல்றது?” செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்தான். பிறகு, சமாதானம் செய்கிற நினைப்பில், அந்த வாக்கியத்தைச் சொன்னான். “விடு லா. பால் பல்லுதானே, எப்படியும் விழப்போறது.”

இத்தனை நாள் அவன் சிரித்தது யாரைப் பார்த்து என்று துளசிக்கு இப்போதுதான் புரிந்தது. தன்னை முட்டாளாக்கியதைவிட, அதற்கு மகளையே கூட்டாளியாகச் சேர்த்துக்கொண்டதுதான் அவளுக்குத் தாங்கவில்லை.

தனுஜாவைத் தூக்கிப்போய் மடியில் சாய்த்துத் தானே தேய்த்துவிட்டாள். பிள்ளை திமிறினாள், அழுதாள், கடைசியில் தேம்பிக்கொண்டே வாயைத் திறந்து வைத்தாள். எல்லாம் முடிந்ததும் கண்ணைத் துடைத்துக்கொண்டு, பழக்கதோஷத்தில் ‘ஆ’ காட்டினாள்.

“அம்மா, மோந்து பாக்கலையா?”

துளசி குனிந்தாள். இன்று உண்மையாகவே தேய்த்த வாய். அதே ஸ்ட்ராபெரி வாசம். நேற்றைக்கும் இன்றைக்கும் துளி வித்தியாசம் தெரியவில்லை.

அறை வாசலில் லோகேஸ்வரன் நின்றான். “இனிமே ஒழுங்கா தேய்ச்சு விடுறேன், துளசி. சத்தியமா.”

அவள் அவன் முகத்தைப் பார்த்தாள். அதிலும் நேற்றைக்கும் இன்றைக்கும் வித்தியாசம் தெரியவில்லை.