வழவழத்த சுவர்

அப்பாவின் அறையிலிருந்து பாத்ரூம் வரைக்கும் கூடத்துச் சுவர் முழுக்கக் கல் டைல்ஸ். மேடும் பள்ளமுமாக, கை வைத்தால் சுரண்டுகிற ரகம். சர்க்கரை நோய் கண்ணைப் பறித்த பிறகு அப்பா அந்தச் சுவரைத் தடவிக்கொண்டேதான் போய்வருவார். யாராவது கைகொடுக்கப் போனால் கோபம் பொத்துக்கொண்டு வரும். முப்பது வருஷம் பஸ் கண்டக்டராக இருந்தவர். "கூர்க்கல்லு ஒரு ஸ்டாப்பு, ஓட்டைக்கல்லு அடுத்த ஸ்டாப்பு, அங்க இறங்கினா பாத்ரூம்" என்பார். மனிதர் வேடிக்கை பேசுகிறார் என்றுதான் மகள் நினைத்தாள்.

ஆனால் விரல் நுனியில் தினம் ஒரு கீறல். சர்க்கரைக்காரருக்குக் கீறல் என்றால் சும்மாவா? போன வருஷம் ஒரு சின்னப் புண் கால் விரலையே கொண்டுபோயிருந்தது. கைக்கும் அந்தக் கதி வந்துவிடுமோ என்று அவள் பயந்தாள். அப்பாவை நாலு நாள் சித்தப்பா வீட்டில் விட்டுவிட்டு, பெயிண்ட் வேலையில் தானே இறங்கினாள்.

"பட்டி கிட்டி வேணாம்மா, நேரா பெயிண்ட் அடிங்க. கல்லோட சொரசொரப்பு அப்படியே தெரியணும், அதுதான் அழகு" என்றார் பெயிண்ட் கடைக்காரர். அழகு யாருக்கு வேண்டும்? சோப்புத் தண்ணீரில் தேய்த்துக் கழுவினாள். காய்ந்ததும் பள்ளம் ஒன்று விடாமல் பட்டி வைத்து அடைத்தாள். உப்புத்தாள் போட்டுத் தேய்த்ததில் தோள்பட்டை கழன்றுவிடும் போலிருந்தது. பிரைமருக்கு மேல் இரண்டு கோட் வெள்ளை. சுவர் வெண்ணெய் மாதிரி ஆகிவிட்டது.

அப்பா வந்ததும் கையைப் பிடித்துச் சுவரில் வைத்தாள். "இனிமே கை கிழியாதுப்பா."

அவர் தடவினார். கொஞ்சம் நகர்ந்து மறுபடி தடவினார். "நல்லா பண்ணியிருக்கேம்மா" என்றார். அவளுக்குச் சந்தோஷத்தில் தலைகால் புரியவில்லை.

மறுநாள் காலை சமையலறையிலிருந்து வந்தவள் அப்படியே நின்றுவிட்டாள். அப்பா பாதி வழியில், இரண்டு உள்ளங்கைகளையும் சுவரில் பதித்தபடி முன்னால் ஓர் அடி, பின்னால் ஓர் அடி வைத்துக்கொண்டிருந்தார். கால்சட்டை நனைந்து தரையெல்லாம் ஈரம்.

"எங்க நிக்கறேன்னே தெரியலம்மா" என்றார். "செவுத்துல ஒண்ணுமே இல்லையே."

அவள் அவரை அறைக்குக் கூட்டிப்போனாள். உடை மாற்றிக் கட்டிலில் உட்கார வைத்தாள். பிறகு பட்டித் தகடை எடுத்துவந்து சுவரைச் சுரண்டினாள். பட்டி இரும்பாக இறுகியிருந்தது. ஓங்கிக் குத்தினால் கல்லின் முகமும் சேர்ந்து பெயர்ந்தது. தன்னையே செருப்பால் அடித்துக்கொள்ளலாம் போலிருந்தது. ஆனாலும் நிறுத்தாமல் குத்தினாள்.

"விடும்மா" என்றார் அப்பா உள்ளேயிருந்து.

"நான் கூட்டிட்டுப் போறேன்பா. எப்ப வேணும்னாலும் கூப்பிடுங்க."

அவர் கட்டிலின் ஓரத்தைத் தடவிப் பார்த்தார்.

"ஒரு பக்கெட்ட கட்டில் பக்கத்துல வச்சிடு" என்றார். "கை எட்டற தூரத்துல."